வெப் சர்வருக்கு இரண்டாவது குறியாக்க நூலகம்: எதை முதலில் செய்வது?

கன்னியாகுமரி மாவட்டத்தின் கோணம் பகுதியில் ஒரு சிறு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் நீங்கள் கேட்டதை, மற்றவர்களுக்கும் விளங்கும்படி முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் சி மொழியில் எழுதப்பட்ட வெப் சர்வர் ஒன்று உங்கள் பராமரிப்பில் இருக்கிறது. வாடகைக்கு எடுத்த ஒரு லினக்ஸ் கணினியிலும், குலசேகரம், அருமனை பக்கத்தில் ரப்பர் ஷீட் வாங்கும் கடைகளில் வைத்திருக்கும் சிறு ரூட்டர் பெட்டிகளிலும் அது ஓடுகிறது. பெட்டிகளில் இருப்பது ரூட்டர்களுக்கான லினக்ஸ் வகையான ஓப்பன்டபிள்யூஆர்டி. எடைக் கணக்கும் அன்றைய விலையும் கடைக்காரரின் கைபேசிக்கு அதன் வழியாகவே போகின்றன. இணைப்பைக் குறியாக்கும் டிஎல்எஸ் முறைக்கான நூலகங்களில் அந்த நிரலுக்கு ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.2 மட்டுமே தெரியும் என்பதால், புதிய லினக்ஸில் கம்பைல் ஆகவே மறுக்கிறது. நான்கைந்து நூலகங்களுக்கும் மேக்ரோ (நூலகத்துக்கேற்ப வெவ்வேறு வரிகளைக் கம்பைல் செய்யவைக்கும் நிபந்தனை) போட்டு ஆதரவு கொடுத்துவிடலாம் என்கிறார் உங்கள் மேலாளர். நிரலைக் கட்டும் (பில்ட்) முறையில், ஆட்டோகான்ஃப் உருவாக்கிய பழைய கன்ஃபிகர் ஸ்கிரிப்டைக் கைவிட்டு, சிமேக், மெசான் என்ற கருவிகளில் ஒன்றுக்கு மாறலாமா என்பது உங்கள் இரண்டாவது கேள்வி.

நான்கைந்து நூலகங்கள் வேண்டாம். இரண்டு போதும் என்பது என் பதில். முதலில் இருக்கிற நிரலை ஓப்பன்எஸ்எஸ்எல் 3-க்குக் கொண்டுவாருங்கள். அடுத்து பில்ட் முறையை மாற்றுங்கள். அதன் பிறகு குறியாக்கத்துக்கென்று ஒரு மெல்லிய இடையடுக்கைப் பிரித்தெடுங்கள். கடைசியாகத்தான் இரண்டாவது நூலகம். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால், ஒரு பிழை வரும்போது அது நூலகத்தால் வந்ததா, பில்டால் வந்ததா, உங்கள் நிரலால் வந்ததா என்று பிரித்தறிய வழியில்லாமல் போகும்.

இத்தனை நூலகங்கள் எப்படி வந்தன என்று தெரிந்தால் தேர்வு எளிதாகும். 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளிப்பட்டது. ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.1 முதல் 1.0.1எஃப் வரையிலான பதிப்புகளில் இருந்த அந்தப் பிழை, சர்வரின் நினைவகத்திலிருந்து துண்டு துண்டாகத் தகவலை வெளியே உருவிக்கொள்ள யாரையும் அனுமதித்தது. அதே மாதம் ஓப்பன்பிஎஸ்டி குழுவினர் அந்த நிரலைப் பிரித்தெடுத்து, பழைய சுமைகளை வெட்டியெறிந்து, லிப்ரெஎஸ்எஸ்எல் என்று தனியாக வளர்க்கத் தொடங்கினார்கள். இரண்டு மாதம் கழித்து கூகுள் தன் தேவைக்கென போரிங்எஸ்எஸ்எல்லைப் பிரித்தது. ஆகவே இவை இரண்டும் ஓப்பன்எஸ்எஸ்எல்லின் பங்காளிகள். செயற்கூறுகளின் பெயர்கள்கூடப் பெரும்பாலும் ஒன்றே. எம்பெட் டிஎல்எஸ், உல்ஃப்எஸ்எஸ்எல், க்னூடிஎல்எஸ் ஆகியவை வேறு குடும்பங்கள். இவற்றில் உல்ஃப்எஸ்எஸ்எல், பழைய நிரல்களுக்கு வசதியாக ஓப்பன்எஸ்எஸ்எல் போலவே பேசும் ஒரு போர்வையையும் கூடவே வைத்திருக்கிறது.

பங்காளிகள்தானே, மேக்ரோ போட்டுச் சமாளித்துவிடலாம் என்ற எண்ணம் இங்கேதான் எழுகிறது. தொல்லையும் இங்கேதான் தொடங்குகிறது. லிப்ரெஎஸ்எஸ்எல் தன்னுடைய ஓப்பன்எஸ்எஸ்எல் பதிப்பு எண் என்று எப்போதும் ஒரே எண்ணைத்தான் காட்டும். பதினாறடிமானத்தில் 2-ஐத் தொடர்ந்து ஏழு சுழியங்கள். "பதிப்பு 1.1.0-க்கு மேற்பட்டதா" என்று உங்கள் மேக்ரோ கேட்டால், 1.1.0-இல் வந்த ஒரு செயற்கூறு அந்த நூலகத்தில் இல்லாவிட்டாலும் "ஆம்" என்றே விடை வரும். அதைச் சரிசெய்ய இன்னொரு மேக்ரோ, பிறகு லிப்ரெஎஸ்எஸ்எல் அந்தச் செயற்கூறைச் சேர்த்துக்கொண்ட பதிப்புக்கு மூன்றாவது மேக்ரோ என்று வேர்விட்டுக்கொண்டே போகும். போரிங்எஸ்எஸ்எல்லோ பொதுப் பயன்பாட்டுக்கானதல்ல என்று தன் அறிமுகக் குறிப்பிலேயே சொல்லிவிடுகிறது. செயற்கூறுகள் நாளை மாறாது என்ற உறுதியையும் அது தருவதில்லை. கூகுள் அளவுக்கு ஆள்பலம் இருந்தால் அதன் பின்னால் ஓடலாம். இரண்டு மூன்று பேர் உள்ள நிறுவனத்தால் அது நடக்காது.

இப்போது முதல் வேலைக்கு வருவோம். 1.0.2-க்கான பொது ஆதரவு 2019 இறுதியோடும், 1.1.1-க்கானது 2023 செப்டம்பர் 11-ஓடும் முடிந்துவிட்டன. 3.0-க்கு 2026 செப்டம்பர் 7 வரைதான் தவணை. 2025 ஏப்ரலில் வந்த 3.5 நீண்டகால ஆதரவுப் பதிப்பு என்பதால் அதற்கு 2030 ஏப்ரல் வரை திருத்தங்கள் கிடைக்கும். டெபியன் 13 லினக்ஸில் இருப்பதும் அதுவே. எனவே 3.5-ஐ இலக்காக வைத்து, 3.0-இலும் கம்பைல் ஆகும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நிரலில் உடைவது பெரும்பாலும் மூன்று இடங்களாக இருக்கும். நூலகத்தின் ஸ்டிரக்ட்டுகளின் (தரவுத் தொகுப்புகளின்) உள்ளே நேரடியாகக் கைவிட்டு எடுத்திருப்பீர்கள், 1.1.0 முதல் அவை மூடப்பட்டுவிட்டதால், எடுக்கவும் வைக்கவும் தனிச் செயற்கூறுகளைப் பயன்படுத்த வேண்டும். பல திரெட்டுகளுக்காக (ஒரே நேரத்தில் ஓடும் நிரல் இழைகளுக்காக) பூட்டுகளை நீங்களே எழுதிப் பதிவு செய்திருப்பீர்கள், அதே 1.1.0 முதல் நூலகமே அதைப் பார்த்துக்கொள்வதால் அந்தப் பகுதியை அழித்துவிடலாம். வன்பொருள் முடுக்கிகளுக்கான எஞ்சின் முறையை எங்காவது தொட்டிருந்தால் அதையும் நீக்குங்கள், 3.0-இலிருந்து அந்த இடத்துக்குப் புரொவைடர் என்ற அமைப்பு வந்துவிட்டது. பழைய சைஃபர்கள் (குறியாக்க முறைகள்) தனிப் புரொவைடருக்குள் ஒதுக்கப்பட்டுவிட்டதால், பல ஆண்டுகளுக்கு முன் 40 பிட் ஆர்சி2 கொண்டு பூட்டிய, சான்றிதழும் சாவியும் அடங்கிய பி12 கோப்புகள் இனி இயல்பாகத் திறக்காது. அத்தகைய கோப்பு இருந்தால், பழைய கணினியை நிறுத்துவதற்கு முன்பே அதன் சாவியை வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். நிறுத்தியபின் தேடி அலைந்த அனுபவம் எனக்கு உண்டு.

கம்பைல் ஆகிவிட்ட பிறகு இன்னொரு மாற்றம் பதிவேட்டில் தெரியும். எதிர்முனை முறையாக விடைபெறாமல் இணைப்பைத் துண்டித்தால், 3.0 அதை "எதிர்பாராத முடிவு" என்று பெரும் பிழையாகவே சொல்லும். மலையோரத் தோட்டங்களில் சிக்னல் விட்டு விட்டு வரும் கைபேசிகளோடு பேசுகிற உங்கள் சர்வரில் இது ஒரு நாளைக்கு எத்தனை முறை நிகழும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அதைத் தாக்குதல் என்று எண்ணிப் பதறாமல், சாதாரணத் துண்டிப்பாக வகைப்படுத்திக்கொள்ளுங்கள். திரெட்டுகள் மிகுந்த சுமையில் 3.0-இன் உள்பூட்டுகள் வேகத்தைக் குறைக்கின்றன என்று எச்ஏபிராக்ஸி என்ற சுமைப்பகிர்வு மென்பொருளின் குழுவினர் கடுமையாகவே விமர்சித்திருக்கிறார்கள். அவர்கள் சொல்வது சரி. ஆனால் உங்கள் அளவுக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

அடுத்தது பில்ட். ஆட்டோகான்ஃப் 1991-இல் பிறந்தது. அன்று யூனிக்ஸ் வகைகள் பல இருந்தன; ஒவ்வொன்றிலும் எது உண்டு, எது இல்லை என்று துருவிப் பார்க்க அது தேவைப்பட்டது. இன்று நீங்கள் குறிவைப்பது லினக்ஸ் மட்டுமே. பழமை என்பதற்காக மட்டும் நான் மாறச் சொல்லவில்லை. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு ஒன்று இருப்பதை ஆன்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் கண்டுபிடித்தார். அதைத் தூண்டிவிடும் வரிகள் மூலநிரல் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுத் தொகுப்பில் மட்டும், ஆட்டோகான்ஃபுக்கான ஒரு துணைக்கோப்பில் அவை ஒளிந்திருந்தன. இயந்திரம் உருவாக்கிய ஆயிரக்கணக்கான வரிகளை யாரும் படிப்பதில்லை என்ற நம்பிக்கையில் செய்த வேலை அது. களஞ்சியத்தில் இருப்பதும் வெளியீட்டில் இருப்பதும் ஒன்றே என்று நிறுவக்கூடிய பில்ட் முறை வேண்டும் என்பதே மாற்றத்துக்கு உண்மையான காரணம்.

ஆனால் சிமேக்குக்கு மாறிவிட்டால் பாதுகாப்பு தானே வந்துவிடும் என்றும் எண்ணிவிடக் கூடாது. அதே எக்ஸ்இசட் களஞ்சியத்தின் சிமேக் கோப்பில் ஒரு சோதனை நிரலுக்குள் ஒற்றைப் புள்ளி ஒன்று வைக்கப்பட்டிருந்தது. அந்தப் புள்ளியால் சோதனை நிரல் ஒருநாளும் கம்பைல் ஆகாது. கம்பைல் ஆகாததால் லேண்ட்லாக் என்ற பாதுகாப்பு வசதி கணினியில் இல்லை என்று பில்ட் முடிவுகட்டி, ஒரு சொல்லும் சொல்லாமல் அதை விட்டுவிட்டு முன்னேறும். இதிலிருந்து உங்கள் பில்டுக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பயனர் ஒரு குறியாக்க நூலகத்தைக் கேட்டிருந்து அது கிடைக்கவில்லை என்றால், பில்ட் அங்கேயே நின்றுவிட வேண்டும். மெசானில் ஒரு வசதிக்கு வேண்டும், வேண்டாம், இருந்தால் சேர் என்று மூன்று நிலைகள் வைக்கலாம். மூன்றாவது நிலை படங்களைச் சுருக்கும் நூலகத்துக்குப் பொருந்தும். டிஎல்எஸ்ஸுக்கு அதை ஒருபோதும் வைக்காதீர்கள். குறியாக்கமே இல்லாத சர்வரைத் தெரியாமல் கட்டி, கடைக்கு அனுப்பிவிடுகிற ஆபத்து அதில் இருக்கிறது.

சிமேக்கா மெசானா என்றால், சி மட்டும், லினக்ஸ் மட்டும் என்ற உங்கள் நிலைக்கு நான் மெசானைத்தான் சொல்வேன். அதன் மொழி சிறியது. வேறு செயலிக்கு கம்பைல் செய்யும் விவரங்களைத் தனிக்கோப்பில் வைக்க முடிகிறது. பிகேஜி-கான்ஃபிக் வழியாக நூலகத்தைக் கண்டுபிடிப்பதும் நேரடியானது. நாளை விண்டோஸும் வேண்டும் என்றால் சிமேக் பொருந்தும். ஓப்பன்டபிள்யூஆர்டி இரண்டையும் ஏற்கும். பழைய முறையையும் புதியதையும் காலவரையின்றி இணையாக வைத்திருக்காதீர்கள். லைட்டிபிடி என்ற வெப் சர்வர் ஆட்டோடூல்ஸ் (ஆட்டோகான்ஃப் அடங்கிய கருவித்தொகுப்பு), சிமேக், மெசான், எஸ்கான்ஸ் என்று நான்கையும் சுமக்கிறது; அதைச் சுமக்கும் பொறுமை அதன் பராமரிப்பாளர்களுக்கு இருக்கிறது. அப்பாச்சி டிராஃபிக் சர்வரோ 2024-இல் வந்த 10-ஆம் பதிப்பில் ஆட்டோடூல்ஸை அடியோடு நீக்கிவிட்டு சிமேக்குக்கு மாறியது. நீங்கள் ஒரே ஒரு வெளியீட்டுக்கு மட்டும் இரண்டையும் வைத்திருங்கள். இரண்டிலும் கட்டிய சர்வர்கள் ஒரே வசதிகளைக் காட்டுகின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பழையதை அழியுங்கள்.

வாடகைக் கணினியில் ஓப்பன்எஸ்எஸ்எல்லை நிரலுக்குள் சேர்த்துக் கட்டாமல், கணினியின் பொது நூலகத்தோடு இணையுங்கள். அப்போதுதான் டெபியன் தரும் திருத்தம் உங்கள் சர்வருக்கும் சேரும். திருத்தம் வந்தபின் சர்வரை நிறுத்தித் தொடங்க மறக்கக் கூடாது. ஓடிக்கொண்டிருக்கும் புராசஸ், வட்டிலிருந்து நீக்கப்பட்ட பழைய நூலகத்தையே நினைவகத்தில் பிடித்துக்கொண்டிருக்கும்.

இனி இடையடுக்கு. இந்த வேலையின் சாரம் முழுவதும் இதில்தான் இருக்கிறது. சர்வரின் மற்றப் பகுதிகளுக்கு நூலகத்தின் பெயரே தெரியக் கூடாது. ஓப்பன்டபிள்யூஆர்டியின் சொந்த வெப் சர்வரான யூஎச்டிடிபிடி இதற்கு நல்ல உதாரணம். யூஸ்ட்ரீம்-எஸ்எஸ்எல் என்ற சிறு நூலகத்தோடு மட்டும் அது பேசும். பின்னால் இருப்பது ஓப்பன்எஸ்எஸ்எல்லா, உல்ஃப்எஸ்எஸ்எல்லா, எம்பெட் டிஎல்எஸ்ஸா என்பதை அந்தச் சிறு நூலகம் பார்த்துக்கொள்கிறது. லைட்டிபிடியும் 2020-இல் வந்த 1.4.56 முதல் ஒவ்வொரு நூலகத்துக்கும் தனித்தனி மாட்யூல் வைத்திருக்கிறது. உங்களுக்குப் பத்துச் செயற்கூறுகள் போதும். சூழலைத் தொடங்குவது, சான்றிதழையும் சாவியையும் ஏற்றுவது, கேட்கப்பட்ட டொமைன் பெயருக்கேற்ற சான்றிதழைத் தேர்வது, ஹேண்ட்ஷேக்கை (இணைப்பின் தொடக்க உடன்பாட்டை) ஓர் அடி நகர்த்துவது, படிப்பது, எழுதுவது, உள்ளே மீதமிருப்பதைக் கேட்பது, விடைபெறுவது, பிழையை உங்கள் சொந்த எண்ணாக மாற்றுவது, ஓடும்போதே சான்றிதழை மாற்றுவது என்ற அளவில் அது முடிந்துவிடும்.

இவற்றில் "மீதமிருப்பதைக் கேட்பது" என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரு டிஎல்எஸ் பதிவில் 16 கிலோபைட் வரை இருக்கலாம். நீங்கள் 4 கிலோபைட் மட்டும் படித்துவிட்டு ஈபோலிடம் (சாக்கெட்டில் தரவு வந்தால் எழுப்பும் லினக்ஸ் வசதியிடம்) திரும்பிப் போய்க் காத்திருந்தால், மீதி ஏற்கெனவே சாக்கெட்டைவிட்டு நூலகத்தின் உள்தொட்டிக்கு வந்துவிட்டதால், கர்னல் உங்களை எழுப்பவே எழுப்பாது. இணைப்பு அப்படியே உறைந்துவிடும். அதைப் போலவே, எழுதும் வேலைக்குச் சாக்கெட்டிலிருந்து படிக்கவும், படிக்கும் வேலைக்கு எழுதவும் தேவைப்படலாம் என்பதை உங்கள் நிகழ்வுச் சுழற்சி ஏற்றுக்கொள்ள வேண்டும்.

பிழைகளைப் பற்றி என் சொந்தத் தவறையே சொல்கிறேன். தக்கலையில் இருந்துகொண்டு நான் பராமரித்த ஒரு சர்வரில், நல்ல இணைப்புகள் எந்தக் காரணமும் இல்லாமல் இடையிடையே அறுந்தன. ஓப்பன்எஸ்எஸ்எல் தன் பிழைகளைத் திரெட்டுக்கு ஒரு வரிசையாகச் சேர்த்து வைக்கும். இணைப்புக்கு ஒன்றாக அல்ல. ஒரு கைபேசியின் ஹேண்ட்ஷேக் தோற்றபோது வரிசையில் நின்றுவிட்ட பிழையை நான் துடைக்கவில்லை. அதே திரெட்டில் அடுத்ததாக வந்த வேறொரு கைபேசியின் படிப்பு, "பிறகு முயல்" என்று மட்டும் சொல்ல வேண்டிய இடத்தில், முந்தையவரின் பிழையை எடுத்துக்காட்டியது. ஒவ்வொரு அழைப்புக்கும் முன்னால் வரிசையைத் துடைக்கும் ஒரே வரியால் அது தீர்ந்தது. கண்டுபிடிக்க மூன்று வாரம் பிடித்தது. இடையடுக்கு இருந்திருந்தால் அந்த வரியை எழுத வேண்டிய இடம் ஒன்றே ஒன்றாக இருந்திருக்கும். அன்று எனக்கு அது பதினேழு இடமாக இருந்தது.

கான்ஃபிக் கோப்பிலும் நூலகத்தின் வாடை இருக்கக் கூடாது. ஓப்பன்எஸ்எஸ்எல் ஒரு சைஃபரை ஒரு பெயரால் அழைக்கும். எம்பெட் டிஎல்எஸ் அதையே வேறு பெயரால் அழைக்கும். ஆகவே கடைக்குப் போகும் கோப்பில் குறைந்தபட்ச டிஎல்எஸ் பதிப்பு என்ற ஒரு வரி மட்டும் போதும். சைஃபர்களை நீங்களே நிரலுக்குள் தேர்ந்துவிடுங்கள்.

இரண்டாவது நூலகமாக எம்பெட் டிஎல்எஸ்ஸை நான் பரிந்துரைப்பதற்குக் காரணம் உங்கள் பெட்டிகளே. 2023-இல் வந்த ஓப்பன்டபிள்யூஆர்டி 23.05, தன் இயல்பு நூலகத்தை உல்ஃப்எஸ்எஸ்எல்லிலிருந்து எம்பெட் டிஎல்எஸ்ஸுக்கு மாற்றியது. பதிப்புக்குப் பதிப்பு உள்ளமைப்பு மாறாமல் நீண்டகால ஆதரவு கிடைக்கிறது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் முக்கியமானது. 2024 மார்ச்சில் வந்த எம்பெட் டிஎல்எஸ் 3.6 அத்தகைய பதிப்பு, டிஎல்எஸ் 1.3 அதில் இயல்பாகவே இயக்கப்பட்டிருக்கிறது. அந்த நூலகம் எப்படியும் பெட்டியில் இருப்பதால் கூடுதல் இடம் பிடிக்காது. அதன் செயற்கூறுப் பெயர்கள் ஓப்பன்எஸ்எஸ்எல்லோடு மோதுவதில்லை என்பது இன்னொரு நன்மை. பங்காளி நூலகங்களில் இரண்டு ஒரே புராசஸுக்குள் ஏறிவிட்டால், ஒன்றின் செயற்கூறு மற்றதன் ஸ்டிரக்ட்டைத் தொட்டுச் சர்வர் சாயும். உங்கள் மாட்யூல் ஒன்று கர்ல் என்ற பதிவிறக்க நூலகத்தை இழுத்துவந்து, அது தன்னோடு ஓப்பன்எஸ்எஸ்எல்லையும் கூட்டிவந்தாலே போதும். இந்த விபத்து நேர்ந்துவிடும். உரிமத்திலும் சிக்கலில்லை. ஓப்பன்எஸ்எஸ்எல் 3 அப்பாச்சி 2.0 உரிமத்தில் இருக்கிறது. எம்பெட் டிஎல்எஸ்ஸை அதே உரிமத்திலோ ஜிபிஎல் 2-இலோ எடுத்துக்கொள்ளலாம். உல்ஃப்எஸ்எஸ்எல் என்றால் ஜிபிஎல் அல்லது விலை கொடுத்து வாங்கும் உரிமம். உங்கள் நிரல் மூடியது என்பதால் அங்கே பணம் கட்ட வேண்டிவரும்.

பெட்டிகளின் வேகத்தை நூலகத்தைவிடச் சாவியின் வகையே அதிகம் தீர்மானிக்கும். 2048 பிட் ஆர்எஸ்ஏ சாவியால் கையெழுத்திடுவது அந்தச் சிறு செயலிகளுக்குப் பெரும் பாரம். பி-256 வளைவு கொண்ட இசிடிஎஸ்ஏ சாவிக்கு மாறினாலே ஹேண்ட்ஷேக் கண்ணுக்குத் தெரியும்படி விரைவாகும். ஏஇஎஸ்ஸுக்கென்று தனிக் கட்டளைகள் இல்லாத மிப்ஸ் செயலிகளில் சாச்சா20 சைஃபரை முன்னே வையுங்கள்.

மின்வெட்டையும் கணக்கில் எடுக்க வேண்டும். நம் பக்கத்துப் பெரியவர்கள் இடவப்பாதி என்று சொல்லும் தென்மேற்கு மழையும், ஐப்பசி கார்த்திகை மழையும் இரண்டும் அடிக்கிற மாவட்டத்தில் பெட்டிகள் அடிக்கடி அணைந்து எழும். மின்கலத்தோடு கூடிய கடிகாரம் அவற்றில் இல்லை. ஓப்பன்டபிள்யூஆர்டி தொடங்கும்போது, அமைப்புக் கோப்புகளில் கடைசியாக மாற்றப்பட்டதன் நேரத்தையே இன்றைய நேரமாக எடுத்துக்கொள்ளும். அது சில வாரங்கள் பின்தங்கியிருக்கலாம். அந்த நிலையில் பெட்டி உங்கள் தலைமைக் கணினியோடு பேச முயன்றால், நேற்றுப் புதுப்பித்த சான்றிதழை "இன்னும் செல்லத் தொடங்கவில்லை" என்று நிராகரிக்கும். என்டிபி என்ற இணைய நேரச் சேவை மூலம் நேரம் சரியாகும்வரை வெளி இணைப்புகளைத் தள்ளிப்போடுங்கள். எம்பெட் டிஎல்எஸ்ஸைத் தேதி பார்க்கும் வசதி இல்லாமல் கட்டினால் இந்தப் பிழை மறைந்துவிடும் என்று எங்கேயாவது படித்தால் அதைச் செய்துவிடாதீர்கள். காலாவதியான சான்றிதழையும் அது பிறகு ஏற்றுக்கொள்ளும்.

சான்றிதழை ஓடும்போதே மாற்றும் செயற்கூறை நான் வலியுறுத்தியதற்கும் காரணம் உண்டு. பொதுச் சான்றிதழ்களின் உச்ச ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள் என்று குறைத்துக்கொண்டே போக சான்றிதழ் வழங்குவோரும் பிரவுசர் நிறுவனங்களும் அடங்கிய சிஏ/பிரவுசர் மன்றம் 2025-இல் முடிவெடுத்தது. ஒவ்வொரு முறையும் சர்வரை நிறுத்தித் தொடங்கினால், எடை போட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் கணக்கு அறும்.

சோதனைக்கு, ஜிசிசி, கிளாங் என்ற இரு கம்பைலர்கள், இரு நூலகங்கள், மிப்ஸுக்கான கம்பைல் என்று ஐந்து பில்டுகள் ஒவ்வொரு மாற்றத்துக்கும் தானாக ஓட வேண்டும். ஒன்றிலாவது நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிட்டைசரை இயக்குங்கள். ஒரு பைட்டாக மெல்ல அனுப்பும் கிளையண்ட், பாதியில் ஓடிப்போகும் கிளையண்ட், டொமைன் பெயரைச் சொல்லாத கிளையண்ட், பெரிய கோப்பு கேட்கும் கிளையண்ட் ஆகிய நான்கையும் இரு நூலகங்களிலும் ஓட்டிப் பாருங்கள். மேலாளர் கேட்ட நான்கைந்து நூலகங்களை நான் மறுத்ததற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்: ஓட்டிப் பார்க்காத ஒரு நூலகத்தைப் பட்டியலில் போடுவது, கடைக்காரரைச் சோதனையாளராக்குவதற்குச் சமம்.

பழைய கைபேசிகளுக்காக டிஎல்எஸ் 1.0-ஐ வைத்திருக்க வேண்டுமா என்று இறுதியில் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். 1.0-உம் 1.1-உம் 2021 மார்ச்சில் முறைப்படி கைவிடப்பட்டன. ஆண்ட்ராய்டு 5 முதலே 1.2 இயல்பாகப் பேசும். அந்தக் கைபேசிகளில் வரும் எச்சரிக்கை பெரும்பாலும் வேறு வகையானது: ஆண்ட்ராய்டு 7.1.1-க்கு முந்தையவற்றில் இலவசச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட்டின் மூலச் சான்றிதழ் இல்லை. அதற்கு நூலகத்தை மாற்றிப் பயனில்லை. தன்னுடைய சொந்தச் சான்றிதழ்ப் பட்டியலைக் கொண்ட ஃபயர்ஃபாக்ஸை நிறுவிக் கொடுப்பது முன்பு இதற்கு வழியாக இருந்தது; அதன் புதிய பதிப்புகள் இத்தனை பழைய ஆண்ட்ராய்டில் ஓடுவதில்லை.